பூச்சி அரித்த ஆறு சிட்டம்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்தது கையெழுத்துப் போடத்தான். மறதியும் உண்டு. முன்னே நடந்ததைப் பின்னே சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலையை விட்டு இறங்கிவந்து கிழக்கேகோட்டையில் ஒரு பூக்கடையில் முப்பது வருஷமாகப் பூக் கட்டுகிறேன். கூட்டம் இல்லாத மத்தியானத்தில் ஊசியை எடுத்துக் கம்பளி நூல் பின்னுவேன். இந்த ஊர் வெயிலில் கம்பளி யாருக்கு என்று கேட்பார்கள். மலையில் தங்கச்சி இருக்கிறாள், அங்கே குளிர் உண்டு என்பேன். அதற்குமேல் பேச எனக்கு வராது.

அக்ரகாரத்து மாமி ஒருவர் தினமும் எங்கள் கடையில்தான் பூ வாங்குவார். போன வருஷம் ஒரு நாள் துணிப்பை ஒன்றை என் கையில் கொடுத்தார். உள்ளே சுற்றி முறுக்கிய கம்பளி நூல், ஆறு சிட்டம். சாயம் ஏற்றாதது, ஆட்டின் நிறமே. வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பியதாம்.

"மாமா வெறும் பலகையில உக்காந்து ஜபம் பண்றார். முட்டி தாங்கல. ஒரு ஆசனம் பின்னிக் குடேன். கார்த்திகையில அவருக்கு எண்பது பூர்த்தி. அன்னிக்குக் காலம்பற அதுல உக்காந்துக்கணும்."

மெத்தைக் கடையில் எத்தனையோ கிடைக்கும். ஆனால் அவர்கள் வீட்டில் கம்பளிதான் மடி. பருத்திபோல் தினமும் நனைத்து உலர்த்த வேண்டாம், தீட்டு ஒட்டாது என்பார்கள். அதனால் நானும் குளித்துவிட்டுத்தான் அந்தப் பையைத் தொட்டேன்.

அடுத்த வாரமே எனக்குக் கண் ஆபரேஷன் வந்துவிட்டது. சில மாதம் ஊசிவேலை கூடாது என்றார்கள். நூலைக் கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப்பெட்டியில் வைத்தேன். அதில் நான் கொழுந்து கிள்ளும்போது மழைக்குத் தலையில் போட்ட பழைய எஸ்டேட் கம்பளி இருந்தது. கம்பளியோடு கம்பளி இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்தப் பழையதை நான் எந்தக் காலத்தில் துவைத்தேன் என்று யோசிக்கவில்லை. தப்பு அங்கேதான்.

ஐப்பசியில் பெட்டியைத் திறந்தபோது வைக்கோல் நிறத்தில் சின்னதாக ஒரு பூச்சி பறந்தது. பழைய கம்பளியை விரித்தால் சல்லடை. மாமியின் நூலில் அரிசிமணி போல் வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தன. ஒரு சிட்டத்தின் நுனியைப் பிடித்து இழுத்தேன். ஒரு முழம் வந்தது, அறுந்தது. மறுபடி இழுத்தேன். ஒரு சாண்.

பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மலையாளம் கலந்து பேசுகிற என் மருமகள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"அத்தே, கவரில கெட்டி ஃப்ரீசர்ல வச்சா மதி. புழுவெல்லாம் செத்துப்போகும் கேட்டோ. போன்ல கண்டேன்."

"ஃப்ரீசர்ல என்ன இருக்கு?"

"சாளை மீன்."

"சாளையோட வச்சதை ஜபத்துக்குக் குடுக்கவா?"

"கவர்ல இல்லியா கெடக்கும்? மாமா மூக்கை வச்சுப் பாக்கவா போறார்" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய கம்பளியைத் தூர எறிந்தோம். நூலைக் கறுப்புக் கவரில் கட்டி, மழைவிட்ட நேரமெல்லாம் மொட்டைமாடிச் சிமெண்டுத் தரையில் வைத்தேன். வெயில் காய்ந்த நாள் மொத்தம் நான்கோ ஐந்தோ. கையைக் கவரில் வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. பிறகு உதறி, பல்விளக்கும் பிரஷால் தேய்த்து, நல்ல துண்டுகளை ஒரு பந்தாகவும் சாண், முழத் துண்டுகளை ஒரு பையிலும் பிரித்தேன். மாமாவின் நாளுக்கு மூன்று வாரம் இருந்தது.

அறுந்த கம்பளி நூலை முடிச்சுப் போடக் கூடாது. உட்காரும்போது உறுத்தும். இரண்டு நுனியையும் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஈரப்படுத்தி, உள்ளங்கையில் சூடு வரும்வரை உருட்டினால் ஒன்றாகிவிடும். கொழுந்துக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் எஸ்டேட் பிள்ளைக்காம்பராவில் நானும் கொஞ்ச நாள் இருந்தேன். அங்கே பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் பின்னுகிற நாங்கள் எல்லோரும் நுனியை வாயில் வைத்துத்தான் நனைப்போம். எங்களுக்கு அதில் குற்றமில்லை.

மாமி வீட்டுக்கு அது எச்சில். அதனால் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். நாற்பது ஒட்டுக்குமேல் தண்ணீரில் போட்டேன். ஆசனம் முடியப்போகிற சமயத்தில் நாக்கில் கம்பளி மயிர் தட்டியது. நூல் நுனி என் வாயில் இருந்தது.

அதைத் துண்டித்து எறிந்தேன். ஆனால் இதற்கு முன்னாலும் ஒன்றிரண்டு தடவை அப்படி வைத்த ஞாபகம் மெல்ல வந்தது. எந்த வரிசையில் என்று தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தேடினேன், விரலால் தடவினேன். சரியாகப் போட்ட ஒட்டு கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. தண்ணீர் ஒட்டும் வாய் ஒட்டும் ஒன்றுபோலவே இருந்தன.

"நீங்க சொல்லாம ஆரும் அறியப் போறதில்லை அத்தே" என்றாள் மருமகள்.

உண்மைதான். பூக் கட்டும்போது நினைத்துப் பார்த்தேன். சாமிக்குப் போகும் பூ என்று, இத்தனை வருஷத்தில் வாழைநாரை நான் ஒருநாளும் வாயில் நனைத்ததில்லை. யாரும் பார்க்காதபோதும் இல்லை. எனக்கு அது பெரிய விஷயமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாங்குகிறவர்களுக்குப் பெரிய விஷயம். அந்த நினைப்பில்தான் காசைக் கொடுத்துப் பூவை எடுத்துப் போகிறார்கள்.

ஆசனத்தை எடுத்துக்கொண்டு மாமி வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"அங்கயே நின்னுண்டு என்ன பண்றே? உள்ள வா."

"மாமி, ஒண்ணு சொல்லணும்." பூச்சியைச் சொன்னேன், பெட்டியைச் சொன்னேன். "தண்ணி தொட்டுத்தான் ஒட்டினேன் மாமி. ஒண்ணு ரெண்டு எடத்துல மறந்து வாய் வச்சுட்டேன்."

மாமி ஆசனத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க?"

"தெரியல. தேடிப் பாத்துட்டேன்."

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரும் தேடினார். பிறகு சிரித்துவிட்டார். "அந்த ஆடு தன்னை நக்கிக்காமலா வளர்ந்திருக்கும்?"

எனக்கு உயிர் வந்தது. ஆனால் மாமி ஆசனத்தைப் பூஜை அறைக்குக் கொண்டுபோகவில்லை. கூடத்து ஊஞ்சலில் போட்டு, அதன்மேல் தானே உட்கார்ந்தார்.

"இது எனக்கு. நன்னா இருக்கு. கழிச்ச துண்டெல்லாம் தூரப் போட்டுட்டியோ?"

"பையில வச்சிருக்கேன்."

"அதுல மாமாவுக்கு ஒண்ணு பண்ணு. சின்னதா இருந்தாப் போறும், மனுஷர் எலும்பும் தோலுமாத்தானே இருக்கார்."

வீட்டுக்கு நடக்கும்போது முதலில் முகம் சுட்டது. என் வாய் பட்டது பூஜைக்கு ஆகாது, ஊஞ்சலுக்கு ஆகும் என்று தள்ளிவிட்டார்களே என்று. பாதி வழியில் வேறு மாதிரியும் தோன்றியது. பரவாயில்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருந்தால் நான் நடுங்கிச் சொன்னது வீணாகியிருக்கும். அதன்மேல் உட்காரவும் செய்தாரே. இதில் எது சரி என்று இன்னும் எனக்கு முடிவாகவில்லை.

எட்டு நாள்தான் இருந்தது. இந்தத் தடவை வீட்டில் உட்காரவில்லை. பூக்கடையில், நார் ஊறும் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்துதான் பின்னினேன். அங்கே உட்கார்ந்தால் என் கை தானாகத் தண்ணீருக்குப் போகும். இருபது வரிசைக்குள் நூறு ஒட்டாவது இருக்கும். ஒன்றுகூட வாய்க்குப் போகவில்லை.

மாமாவின் நாளுக்கு முதல்நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் விடிந்ததும் மாலை கொண்டுபோனபோது மாமி பூஜை அறை ஜன்னல் பக்கம் கைகாட்டினார். பலகைமேல் அது இருந்தது. அதன்மேல் மாமா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஒரு சாண் சின்னது, ஒரு முட்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் மாலையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதைத் திருத்திப் படியெடுக்கப்போவது என் மருமகள். அவளுக்கு ஒரு வார்த்தை: சிட்டம் ஆறா ஏழா என்று மாமியிடம் கேட்டுப் பார்த்துக்கொள். ஆடு நக்கிய பேச்சை மாமி அப்படியேதான் சொன்னார்களா, நான் நல்லபடியாக்கிக்கொண்டேனா என்றும் கேள். சாளை மீனை மட்டும் எடுத்துவிடாதே, அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.