நூலால் அளந்த வயிறு

ஊர் ஊராகப் பிழைத்து நாங்கள் காஞ்சிபுரம் வந்தபோது நான் எட்டு மாதக் கர்ப்பிணி. கணவர் லாரி ஓட்டப் போனால் திரும்ப நாளாகும். நான் பிள்ளையார்பாளையத்தில் பட்டுநூல் சுற்றும் வேலைக்குப் போனேன். அறைக்குத் திரும்பினால் பேச ஆளில்லை.

கூட நூல் சுற்றிய அக்கா ஒருநாள், "இன்னாமா, ரெட்டையா? புள்ள இவ்ளோ பெரிசா இருந்தா ஆபரேசன்தான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆபரேசன் ஆனால் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஒருவரும் கிடையாது. அறுந்த பட்டுநூலை முடிந்து தினமும் வயிற்றை அளந்தேன். அளவு கூடக் கூடச் சோற்றைக் குறைத்தேன்.

ஒரு காலையில் குழந்தை அசையவே இல்லை. தனியாக ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நர்ஸ் கருவியை வைத்ததும் இதயத் துடிப்பு கேட்டது. "இன்னா சாப்ட்ட?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நூலு வச்சி புள்ள எடை பாத்தியா? நல்லா இருக்குதுமா! எங்கள வந்து கேக்கறதுக்கு இன்னா?" என்று திட்டிக்கொண்டே தன் டப்பாவிலிருந்து இட்லியை நீட்டினார். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் உள்ளே ஓர் உதை. அழுதுவிட்டேன்.

மகன் சாதாரண எடையில் சுகப்பிரசவமாகவே பிறந்தான். இன்னும் ஊர் மாறிக்கொண்டுதான் இருக்கிறோம். எந்த ஊரில் இறங்கினாலும், வாடகை வீடு தேடும் முன் அந்த ஊர் நர்ஸம்மா எங்கே என்று விசாரித்து, போய்ப் பேசிவிட்டு வருகிறேன்.