லாபம், தூவே, த்ரே

ஆனைக்கரையில் ஏலத்தோட்டம் சுற்றிக்காட்டுவது என் வேலை. ஒருமுறை ஆறு பேரோடு வந்த இத்தாலியப் பெண் லூச்சியா, ஏலக்காய்க் கூடைகளை எண்ணியபடியே ஊனோ, தூவே, த்ரே என ஒன்று, இரண்டு, மூன்றைக் கற்றுத்தந்தார். கணக்கு நல்லபடி தொடங்கட்டும் என்று இங்கே ஒன்றை 'லாபம்' என்போம் என்று நானும் சொல்லிவைத்தேன்.

அன்று மூடுபனி. ஜீப்புக்குத் திரும்பியதும், லாபத்தை வெளியாளுக்கு விட மனமில்லாமல் என் நெஞ்சைத் தொட்டு "லாபம்" என்றுவிட்டு, அவர்களைத் தூவேயிலிருந்து எண்ணினேன். விருந்தினர் ஏழு பேர்; கணக்கும் ஏழில் சரியாக முடிந்ததுபோல் இருந்தது.

"என்னண்ணே, உங்களயும் சேத்து எட்டு வரணுமே! லூச்சியாம்மா எங்க?" என்றார் டிரைவர்.

பதற்றத்தில் பெயர்கூட வாயில் வரவில்லை. சரிவைப் பார்த்து "லாபம்!" என்று கத்தினேன்.

"தூவே!" என்றது பனிக்குள்ளிருந்து அவர் குரல். கால் சுளுக்கி உட்கார்ந்திருந்தார்.

இப்போதெல்லாம் விருந்தினரை ஊனோவிலிருந்துதான் எண்ணுகிறேன். கூடை எண்ணும்போது மட்டும், "லாபம்" என்று சொல்லிவிட்டு ஒரு நொடி காத்திருக்கிறேன்.