சக்கர வீட்டுக்கு ஒரு லாரி

எனக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. பால்காரர் ஊற்றிய பாலில் விரலை விட்டுப் பார்ப்பேன். கண்டக்டர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டில் ஊர் சரியாக இருக்கிறதா என்று இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். என் கணவர் இதற்கு நேர் எதிர். யார் எது சொன்னாலும் "அப்படீங்களா" என்று கேட்டுக்கொண்டு சந்தோஷமாக நம்பிவிடுவார். ஆகவே எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தியே சந்தேகப்பட வேண்டியிருந்தது.

அவர் போட்டோ பிடிப்பவர். காரைக்கால் கடைத்தெருவில் வாடகைக்கு ஒரு கட்டடம். முன்பக்கம் ஸ்டூடியோ, பின்பக்கம் நாங்கள். பிரெஞ்சுக் கொடி இறங்கிய அடுத்த வருஷம் கட்டடத்துக்காரரின் மகன் சைகோனிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்பினான். இரண்டு மாதத்தில் காலி செய்துகொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வேறு இடம் தேடி அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் அந்தச் சக்கர வீடு விலைக்கு வந்தது. சாலை வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பிரெஞ்சு எஞ்சினியர் ஒருவர், ஊர் ஊராகத் தங்கி வேலை பார்ப்பதற்காகச் செய்துவைத்திருந்தது. நாலு சக்கரத்தின் மேல் தகரத்தில் ஒரு வீடு. உள்ளே இரண்டு கட்டில், அடுப்பு மேடை, வலையடித்த ஜன்னல்கள், கைகழுவும் தொட்டி. தொட்டி இருந்த மூலையைக் கறுப்புத் துணியால் மறைத்தால் படம் கழுவும் இருட்டறை. என் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்து அதை வாங்கினோம். சுங்கச் சாவடிகளை எடுத்துவிட்டதால் இனி யாரும் வழி மறிக்கப் போவதில்லை. நாகூர் கந்தூரி, வேளாங்கண்ணித் திருவிழா, திருநள்ளாறு என்று கூட்டம் கூடும் இடமெல்லாம் வீட்டோடு போய் நின்று படம் பிடிக்கலாம். இனி வீடும் அதுதான், பிழைப்பும் அதுதான். அது போனால் எங்களுக்குத் தலைக்கு மேல் ஒன்றுமில்லை.

இழுத்துப் போக ஒரு லாரி வேண்டும். இரண்டு வண்டி பேச்சுக்கு வந்தது.

ஒன்று குரும்பகரத்துச் சொல்தாவுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நிலம் வாங்கி உழப் போகிறேன், லாரி எதற்கு என்று விற்க வந்தார். பிரெஞ்சு லாரி, மூக்கு நீண்டது. நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அவரே அதன் குறைகளைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ரேடியேட்டர் ஒழுகுகிறது, தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். இரண்டாவது கியர் பிடிவாதம் பிடிக்கும். மூவாயிரத்துக்கு மேல் ஒரு கிலோ ஏற்றினாலும் இழுக்காது. இத்தனையும் சொல்லிவிட்டு, நாங்கள் நினைத்ததைவிடக் குறைந்த விலையையும் சொன்னார்.

என் கணவருக்கு அந்த நிமிஷமே மனிதரைப் பிடித்துவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை. தன் பொருளைத் தானே குறை சொல்கிறவன் எங்கே இருக்கிறான்? சின்ன ஓட்டையைக் காட்டுகிறார் என்றால் பெரிய ஓட்டையை மறைக்கத்தான் என்று வழியெல்லாம் என் கணவரிடம் ஓதினேன்.

மற்றது மாயவரத்துத் தரகர் கொண்டுவந்த அமெரிக்க லாரி. உலகச் சண்டைக்கு இங்கே வந்து, சண்டை முடிந்ததும் ஏலத்தில் போனது. தரகர் புளுகுவார் என்று எனக்குத் தெரியும். அதற்குத் தயாராகவே போனேன். காலையில் எஞ்சின் மேல் கையை வைத்துச் சில்லென்று இருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் கிளப்பச் சொன்னேன். ஆயிலைத் தொட்டு மோந்தேன். சாக்கு ஒன்றைக் கீழே விரித்து, அதில் படுத்து அடிப்பாகம் முழுவதும் பார்த்தேன். டயர் புதுசு என்று சத்தியம் செய்தார். உள்பக்கம் ஒட்டுப் போட்டிருந்ததை நான் காட்டியதும் அசடு வழிந்தார்.

அந்த இடத்தில்தான் எனக்குப் புத்தி கெட்டது. பொய்யைக் கண்டுபிடித்தாகிவிட்டது, இனி மிச்சமெல்லாம் மெய்தான் என்று நிம்மதியாகிவிட்டேன்.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. இழுக்கும் பாரம் நாலாயிரம் என்று தரகர் அதில் இருந்த எண்ணைக் காட்டினார். எண்ணுக்குப் பின்னால் மூன்று இங்கிலீஷ் எழுத்துகள். நானும் என் கணவரும் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். கம்பெனிப் பேராக இருக்கும் என்றார் அவர். சக்கர வீட்டின் தகட்டில் இரண்டாயிரத்து முந்நூறு என்று இருந்தது. எங்கள் சாமான், கண்ணாடி நெகட்டிவ், தண்ணீர் எல்லாம் சேர்த்தாலும் இரண்டாயிரத்து அறுநூறு தாண்டாது. சொல்தாவின் மூவாயிரம் எங்கே, இந்த நாலாயிரம் எங்கே? கணக்குப் பேசியபிறகு என் கணவரும் இதற்கே சம்மதித்தார்.

முன்பணம் கொடுப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் சொல்தா எங்கள் வாசலுக்கு வந்தார். கடைத்தெருவில் நின்ற அந்த அமெரிக்க லாரியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார்.

"அந்தத் தகட்டைப் பத்தி அவருகிட்ட ஒரு விஷயம் சொல்லணும்மா. இருக்காருங்களா?"

தன் வண்டி விலைபோகவில்லை என்றதும் அடுத்தவன் வண்டியில் மண் போட வந்திருக்கிறார் என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. என் கணவர் உள்ளே படம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தால் மனசு மாறிவிடும்.

"அவங்க வெளியூர் போயிருக்காங்க. வந்ததும் சொல்லுறேன்" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, இருட்டறையிலிருந்து அவருடைய இருமல் கேட்டது. சொல்தாவுக்கும் அது கேட்டது. என்னை ஒரு தரம் பார்த்தார். "சரிங்கம்மா" என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஆபத்து நீங்கியது என்ற திருப்திதான் அதிகம். அவர் வந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அமெரிக்க லாரியில் சக்கர வீட்டை மாட்டிக்கொண்டு கந்தூரிக்கு இரண்டு நாள் முன்னால் புறப்பட்டோம். என் கணவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கத்தில் தரை தட்டையானது என்பதால் நாகூர் வழியில் உள்ள பட்டினம்வரை ஒரு குறையும் தெரியவில்லை. எஞ்சின் கொஞ்சம் முனகியது. பழைய வண்டி முனகாமல் என்ன செய்யும் என்று இருந்துவிட்டேன். ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் பாதியில் வண்டி திணறி நின்றது. அவர் பிரேக்கை மிதித்து நிற்கையிலேயே பின்னால் படாரென்று ஒரு சத்தம். கொக்கி மாட்டியிருந்த இரும்புச் சட்டம் பிய்த்துக்கொண்டது. திரும்பிப் பார்க்கிறேன், என் வீடு தானாகப் பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. சாலையை விட்டு இறங்கி, வயல் சேற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. உள்ளே கண்ணாடி உடையும் சத்தம் வெகுநேரம் நிற்கவில்லை.

வழியில் யாரும் இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம். என் கணவர் சேற்றில் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். இதைத் தூக்க ஊரில் ஒரே ஒரு வண்டிதான் இருக்கிறது என்றார். கந்தூரிக் கூட்டத்தை இறக்கிவிட்டுத் திரும்பிய பஸ்ஸில் ஏறிப் போனார். நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். பத்து வருஷத்துக் கல்யாண ஜோடிகளும் குழந்தைகளும் கப்பலுக்குப் போனவர்களும் அந்தக் கண்ணாடிகளில் இருந்தார்கள். தரகரை, டயரை, பாலம் கட்டினவனை, என் கணவர் பிரேக் பிடித்த விதத்தை ஒவ்வொன்றாகச் சந்தேகித்துப் பார்த்தேன்.

நடுப்பகலில் அந்த நீள மூக்கு லாரி வந்து நின்றது. சொல்தா இறங்கி முதலில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிச் சங்கிலி மாட்டினார். எஞ்சினை உறுமவிட்டு, நிதானமாக, சக்கர வீட்டைச் சாலைக்கு ஏற்றிவிட்டார். பின்பக்க அச்சு வளைந்திருந்தது. இனி ஊர் ஊராகப் போகாது, நிறுத்தி வைத்துக் குடியிருக்கலாம் என்று பார்த்ததும் சொன்னார். நிறுத்த இடம் எங்கே என்று என் கணவர் நின்றபோது, தன் கொல்லையில் மாமரத்தடி காலியாக இருக்கிறது என்றார்.

என் கணவருக்கு மனசு ஆறவில்லை. நாலாயிரம் இழுக்கிற வண்டி இதை இழுக்காமல் எப்படிப் போகும் என்று கேட்டுக்கொண்டே அமெரிக்க லாரியின் தகட்டைத் தட்டினார். சொல்தா பக்கத்தில் போய் அந்த மூன்று எழுத்தின் மேல் விரலை வைத்தார். சைகோன் பக்கத்தில் இந்த மாதிரி வண்டிகளை அவர் ஓட்டியிருக்கிறார்.

"இது ராத்தல் கணக்குங்க, இங்கிலீஷ்காரன் பவுண்டு எடை. நம்ம கிலோவுல ஆயிரத்து எண்ணூறுதான் வரும்."

தரகர் நாலாயிரம் என்றது பொய்யே இல்லை. அவர் ஊர் இங்கிலீஷ்காரர்கள் ஆண்ட ஊர், அங்கே லாரிப் பாரத்தை ராத்தலில்தான் சொல்வார்கள். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் முதல் மீன்கடை வரை கிலோ. அவர் அவருடைய எண்ணைச் சொன்னார், நான் என்னுடைய எண்ணாகக் கேட்டுக்கொண்டேன். அத்தனை பேரையும் சந்தேகித்தவள், ஒரு எண்ணை மட்டும் நம்பிவிட்டேன்.

என் கணவர் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழந்தை மாதிரிக் கேட்டார்.

"கடைத்தெருவுல வண்டி மூணு நாள் நின்னுச்சே. நீங்க பாத்திருந்தா எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருப்பீங்க, இல்லீங்களா?"

சொல்தா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாசலில் பார்த்த அதே பார்வை. நான் சேற்றுக் காலோடு அப்படியே நின்றேன்.

"நான் இன்னிக்குத்தாங்க பாக்குறேன்" என்றார்.

"அப்படீங்களா" என்றார் என் கணவர்.

அந்த மாமரத்தடியில் ஆறு வருஷம் குடியிருந்தோம். சொல்தா அதற்கு வாடகை என்று ஒன்றும் கேட்கவில்லை. என் கணவரும் அவரும் நெருங்கிய சிநேகிதர்களாகிவிட்டார்கள். அந்த மனிதர் எங்களிடம் சொன்ன ஒரே பொய்யை என் கணவர் கடைசிவரை நம்பினார். நான் அதைத் திருத்தவில்லை.