போலந்திலிருந்து வந்த 212 டொலர்

2024 ஓகஸ்ட் 19, திங்கட்கிழமை காலை. ஊர்காவற்றுறையில் உள்ள வங்கிக் கிளையிலிருந்து நிருஜாவுக்கு அழைப்பு வந்தது. வெளிநாட்டிலிருந்து 212 டொலர் வந்திருக்கிறது, அனுப்பியவர் உங்களுக்கு என்ன முறை என்று கேட்டார்கள்.

"மாமா" என்றார் நிருஜா.

சுருவிலைச் சேர்ந்த நிருஜாவுக்கு இருபத்தாறு வயது. பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. அவர் வீட்டில் வெளிநாட்டுக் காசு என்றால் கனடாவிலுள்ள தாய்மாமன் அனுப்புவது. பதினைந்து வருடமாக வங்கிப் படிவத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஆனால் இது உழைத்த காசு. ஒலிப்பதிவுகளில் உள்ள தமிழ்ப் பேச்சைக் கேட்டுத் தட்டச்சுச் செய்யும் வேலை. போலந்துக் கொம்பனி ஒன்று இணையம் வழியாகக் கொடுத்தது. ஆறு வாரம் வேலை செய்து முடித்ததும் கொம்பனி வங்கிக் கணக்கு இலக்கம் கேட்டது. அம்மா யோகம்மா மறித்தார்.

"கணக்கு நம்பர் கேக்கிறவன் கள்ளன். போலந்திலை எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"வேலைக்குத்தானே அம்மா தாறாங்கள்."

"ஓம், ஓம். கேட்டு எழுதினதுக்கு டொலர் தருவினமாம். பள்ளிக்கூடத்திலை சொல்வதெழுதினதுக்கு உனக்கு அடிதானே விழுந்தது."

நிருஜாவுக்கும் உள்ளூரப் பயம்தான். மாமாவின் காசு வரும் கணக்கைக் கொடுக்காமல், ஆயிரம் ரூபா போட்டுப் புதுக் கணக்கு ஒன்று திறந்தார். கள்ளன் என்றால் அந்த ஆயிரத்தோடு போகட்டும்.

இப்போது வங்கிக்கு அவர்மீது சந்தேகம். அவர் சொன்னது மாமா, காசு அனுப்பியதோ ஒரு கொம்பனி. காசை நிறுத்தி வைத்துவிட்டு, புதன்கிழமை நேரில் வரச் சொன்னார்கள். அலுவலர் மரியநாயகம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து உரத்துக் கேட்டார்.

"தங்கச்சி, உம்மடை மாமா ஒரு கொம்பனியோ?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பழக்கத்திலை சொல்லிப்போட்டன் அண்ணை. இது வேலைக் காசு."

"அப்ப பில் எங்கை?"

"நான் கடை வைச்சிருக்கேல்லையே."

"வேலைக்கும் பில் வேணும். என்ன வேலை, எத்தினை மணித்தியாலம், ஆருக்குச் செய்தது, எல்லாம் எழுதிக்கொண்டு வாரும். ஒப்பந்தமும் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ளை வராட்டி திருப்பி அனுப்பிப்போடுவம். போலந்துக்கும் கேட்டு எழுதியிருக்கிறம்."

"என்னெண்டு?"

"நீர் அவையின்ரை மருமகளோ எண்டு."

அன்று மாலையே கொம்பனியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. எங்களை உறவினர் என்று சொல்வது ஏன்? விளக்கம் கிடைக்கும் வரை அடுத்த நாற்பது ஒலிப்பதிவுகளை அனுப்பமாட்டோம். இதைத் தீர்க்காவிட்டால் கிடைத்த முதல் வேலையே கடைசி வேலையாகிவிடும் என்பது நிருஜாவுக்கு விளங்கியது.

மறுநாள் காலை குசினி மேசையில் மடிக்கணினியை வைத்து, ஒவ்வொரு ஒலிப்பதிவின் இலக்கத்தையும் திகதியையும் போட்டு ஒரு பில் தயாரித்தார். எங்கள் ஊரில் வெளிநாட்டுக் காசு உறவுக்காரரிடமிருந்துதான் வரும், அதனால் அப்படிச் சொல்லிவிட்டேன் என்று கொம்பனிக்குக் கடிதமும் எழுதி, ஒப்பந்தத்தைக் கையொப்பமிட்டு அனுப்பும்படி கேட்டார்.

"அதை ஏன் எழுதுறாய்? வெக்கக்கேடு" என்றார் யோகம்மா.

"மறைச்சா வேறை ஏதோ எண்டு நினைப்பாங்கள்."

வெள்ளி மதியம் ஒரு மணிக்கு, கொம்பனி கையொப்பமிட்ட ஒப்பந்தம் மின்னஞ்சலில் வந்தது. வழியில் அதையும் பில்லையும் அச்செடுத்துக்கொண்டு, இரண்டு நாற்பதுக்கு நிருஜா வங்கியில் நின்றார். மரியநாயகம் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையொப்பத்தை இரண்டு தரம் போடச் சொன்னார். பிறகு எல்லாவற்றையும் தலைமையகத்துக்கு அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை காசு கணக்கில் விழுந்தது. அடுத்த நாள் கொம்பனியும் எழுதியது: நாற்பது ஒலிப்பதிவுகளும் செப்டெம்பர் 2ஆம் திகதி வரும். வேலையை முடித்துவிட்டுக் காசுக்கு அலைந்தது போதும், இந்தமுறை அரைவாசிக் காசு முன்கூட்டியே வந்தால்தான் தொடங்குவேன் என்று நிருஜா பதில் போட்டிருக்கிறார். கொம்பனி இன்னும் எதுவும் சொல்லவில்லை.