வண்டல் மண்ணில் ஒரு கல்

தஞ்சாவூர்ப் பக்கம் மலை கிடையாது. மேடு என்று சொல்லிக்கொள்ள வைக்கோல் போர்தான் உண்டு. அப்படிப்பட்ட சீமையில், மலையிலும் காட்டிலும் ஏறி இறங்குவதற்கென்றே செய்த பழைய ட்ரெயில் மோட்டார் சைக்கிள்களை வைத்துக்கொண்டு நாங்கள் பதினோரு பேர் வருஷத்துக்கு ஒருமுறை கூடிக்கொண்டிருந்தோம். சேலத்துக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள் என்பதால் வெளியில் அதிகம் சொல்வதில்லை.

கூடுவது கோடையில், ஒரு சனி ஞாயிறு. அறுவடை முடிந்து, ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன், வயலெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் நாட்கள். இடம் கொடுத்தவர் எங்களில் ஒருவரான பண்ணைவீட்டுக்காரர். உச்சவரம்புச் சட்டத்தில் அவர் குடும்பத்து நிலம் கொஞ்சம் போயிருந்தது. போனது போக மிச்சம் இருந்ததிலேயே நாங்கள் பதினோரு பேரும் வழி தவறலாம். ஒரு கட்சியில் அவருக்குத் தம்பி இருந்தார், மறு கட்சியில் மைத்துனர் இருந்தார். ஆட்சி மாறும்போது அவர் வீட்டில் மாறுவது வாசலில் நிற்கும் காரின் கொடி மட்டுமே.

நான் சொல்லும் அந்த வருஷம் தொண்ணூறுகளின் கடைசி. சனிக்கிழமை காலையில் வழக்கம்போல் ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவர் எல்லா வண்டிகளையும் பரிசோதித்தார். ஒரு திருகாணி பிற்காலத்தது என்றால் கூட அவர் முகம் கோமாரி கண்ட மாட்டைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். என் வண்டியில் ஒரிஜினல் என்று அவர் ஒப்புக்கொண்டது ஹாரனை மட்டும். அது அடிக்காது.

மத்தியானத்துக்கு முன் ஓட்டம். களத்தில் கிளம்பி, வாய்க்கால் கரையோடு போய், பண்ணை வயல்களைக் கடந்து திரும்ப வேண்டும். கடைசி வயலுக்குள் நுழையும் மூலையில் ஒரு குறுக்கு வரப்பு. மற்றவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் தாண்டினேன். ஏன் என்று இன்றைக்கும் என் மனைவி கேட்கிறாள். வண்டி அழகாகத்தான் எழும்பியது. தரையைத் தொட்டதும் முன்சக்கரம் எதிலோ மோதி நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.

"விழுந்துட்டீங்களா?" என்று ஓடிவந்தார் வேதாரண்யத்து உப்பு வியாபாரி. உப்புக் காற்றில் பாதி வண்டி கரைந்துபோனாலும் மீதியை வைத்து ஓட்டுகிறவர்.

"இல்லீங்க, எறங்குனேன். கல்லு ஒண்ணு தட்டிச்சு."

"கல்லா? ஏங்க, இந்த மண்ணுல காக்காவ வெரட்டக்கூடக் கல்லு கெடையாதே!"

அது உண்மை. காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல். கடைக்கால் போடவே கருங்கல்லை லாரியில் வரவழைக்கிற பூமி.

பண்ணைவீட்டுக்காரர் புண்பட்ட குரலில் சொன்னார்: "மூணு தலைமுறையா உழுவுறோம். ஒரு கொழு ஒடஞ்சதில்ல. எங்க வயல்ல கல்லுன்னு சொல்லாதீங்க."

மருத்துவர் என் முன்சக்கரத்தின் விளிம்பைத் தடவி, "நெளிசல் பழசு" என்று தீர்ப்புச் சொன்னார். நெளிந்த இடத்தில் துரு இல்லாமல் பளபளவென்று இருந்ததை நான் மட்டும் பார்த்தேன். எனக்கு வலித்தது தோளைவிட அதுதான். ஒருவன் வண்டி ஓட்டத் தெரியாதவனாக இருக்கலாம், நானே அப்படித்தான். ஆனால் இல்லாத கல்லில் மோதினான் என்று பேர் வாங்கக் கூடாது. அதோடு, கல்லே இல்லாத மண்ணில் கல் எப்படி வந்தது?

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் பம்புசெட்டு நிழலில் சாய்ந்தார்கள். நான் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கல் தேடக் கிளம்பினேன். அந்த வயலின் எல்லை வரப்புக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மாள் புல் அறுத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நான் தரையை ஸ்பேனரால் தட்டித் தட்டி நடப்பதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, அரிவாளைக் கீழே வைத்தார்.

"எங்க தம்பி விழுந்தீங்க?"

"விழலங்க, நான்..."

"சரி, எங்க எறங்குனீங்க?"

மூலையைக் காட்டினேன். "கல்லு மாதிரி ஒண்ணு தட்டிச்சுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "நான் நம்புறேன்" என்றார்.

சொன்னது இதுதான். அவர் குடும்பம் பண்ணையில் வேலை பார்த்த குடும்பம். உச்சவரம்பில் எடுத்த நிலத்தில் ஒரு ஏக்கர் அவருடைய மாமனார் பேருக்குக் கிடைத்தது. அதிகாரிகள் வந்து மூலையில் எல்லைக்கல் நட்டார்கள். சில வருஷத்தில் ஒரு கோடையில் கல்லின் தலை காணாமல் போனது. அதற்குப் பிறகு, ஒவ்வொரு பட்டத்துக்கும் பண்ணை ஆட்கள் வரப்பின் ஓரத்தைச் செதுக்கி அண்டை வெட்டும்போது, தங்கள் பக்கம் நாலு விரல் கூட வெட்டுவார்கள்; வெட்டிய மண்ணை இந்தப் பக்கம் அணைப்பார்கள். வரப்பு ஒவ்வொரு பட்டத்துக்கும் நாலு விரல் நடந்து வந்தது.

"மூணு ஆட்சியில மனு குடுத்துட்டேன் தம்பி. ஆட்சி மாறுனா தாசில்தார் மாறிடுறாரு. புது ஆளு, மொதல்லேர்ந்து சொல்லுன்னுவாரு. இப்பத்தான் சர்வேயர் திங்கக்கெழம வர்றேன்னுருக்காரு. கல்லு இருந்தா கல்லுலேர்ந்து அளப்பேன், இல்லாட்டி இருக்குற வரப்புதான் எல்லைன்னு எழுதிட்டுப் போயிடுவேங்கறாரு."

"நீங்களே தோண்டிப் பார்க்கலையா?"

"அது அவங்க வயலு. நான் மம்மட்டியோட அங்க கால வச்சா, மறுநாள் போலீஸ் ஸ்டேசன்லதான் நிக்கணும். உங்கள யாரு கேப்பா? நீங்க விருந்தாளி."

பக்கத்தில் கிடந்த மம்மட்டியை வரப்புக்கு மேலாக நீட்டினார்; அவர் தாண்டவில்லை. அங்கிருந்தபடியே தரையில் என் சரித்திரத்தைப் படித்தார். "டயர் பல்லு பதிஞ்சிருக்கு பாருங்க, அது நிக்கிற எடம். அதுக்கு அப்பறம் இது முழங்கை. இது தோளு. இது... சரி, அத விடுங்க. டயர் நின்ன எடத்துல வெட்டுங்க."

வெட்டினேன். நாலாவது வெட்டில் 'டங்' என்றது. மண்ணை விலக்கினால், சதுரமாகச் செதுக்கிய கருங்கல்லின் அடித்துண்டு, தலை உடைந்தபடி. டிராக்டர் மூலைக்குள் திரும்பாது, அதனால் தப்பியிருக்கிறது. கோடையில் மண் சுருங்கி வெடித்ததில் முனை வெளியே வந்து, என் முன்சக்கரத்துக்குக் காத்திருந்திருக்கிறது. எல்லை வரப்பிலிருந்து அது நிற்கும் இடத்தை என் கையால் அளந்தேன். இரண்டரை முழம்.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. பம்புசெட்டுக்கு ஓடிப்போய் மருத்துவரின் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டியிருப்பேன். அந்த அம்மாள், "மூடிடுங்க" என்றார்.

"ஏங்க?"

"இப்பத் தெரிஞ்சா சாயங்காலத்துக்குள்ள கல்லு இருக்காது. இருந்தாலும், நான்தான் ராவோட ராவா கொண்டாந்து பொதச்சேம்பாங்க. திங்கக்கெழம சர்வேயர் முன்னால நீங்க தோண்டுங்க. வருவீங்கள்ல?"

வருகிறேன் என்றேன். மண்ணைத் தள்ளி, மேலே வைக்கோலைப் பரப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை போல் ஒரு நாளை நான் பிறகு அனுபவித்ததில்லை. வாய்க்குள் ஒரு கருங்கல்லை வைத்துக்கொண்டு பத்துப் பேரின் கிண்டலைக் கேட்பது சாதாரணமல்ல. மத்தியானம் பண்ணைவீட்டுக்காரரே எனக்குப் பரிமாறினார். விரால் மீன் குழம்பு. எனக்கு மட்டும் இரண்டு தலைத்துண்டு.

"நல்லா அரிச்ச அரிசிங்க. பயப்படாம சாப்பிடுங்க, கல்லு இருக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் நல்ல மனிதர். போன வருஷம் என் வண்டிக்கு கிளட்ச் கேபிள் கிடைக்காமல், தன்னிடம் இருந்த ஒரே ஒன்றைக் கழற்றிக் கொடுத்தவர். அதுதான் என் சங்கடம். மனிதர் மோசமாக இருந்திருந்தால் மீன் இறங்கியிருக்கும்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு பஸ்ஸில் போனேன். சர்வேயர், சங்கிலி பிடிக்கிற ஆள், கிராம நிர்வாக அலுவலர், பண்ணைவீட்டுக்காரர், அந்த அம்மாள். என்னைக் கண்டதும் பண்ணைவீட்டுக்காரர், "என்னங்க, எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

"ஆமாங்க" என்று அந்த அம்மாளிடமிருந்து மம்மட்டியை வாங்கினேன்.

கல் வெளியே வந்தது. சர்வேயர் குனிந்து, அதன் பக்கத்தில் வெட்டியிருந்த குறியைத் துடைத்துப் பார்த்து, "கவர்மெண்டு கல்லுதான்" என்றார். பண்ணைவீட்டுக்காரர் கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நெசமாவே கல்லுதானா" என்றார், மெதுவாக. அது ஆச்சரியமா, வேறு ஏதாவதா என்று இந்த இருபது வருஷமாக யோசிக்கிறேன். தலையை உடைத்தது அவர் காலத்திலா, அவருடைய அப்பா காலத்திலா என்றும் எனக்குத் தெரியாது. கேட்கிற வாய்ப்பை அவர் தரவில்லை. மறு கோடைக்கு அவரிடமிருந்து அழைப்பு வரவில்லை.

சங்கிலி கல்லிலிருந்து ஓடியது. வரப்பைத் தாண்டாமல் நின்றிருந்த அந்த அம்மாளிடம் சர்வேயர், "இந்தப் பக்கம் வாங்கம்மா, நீங்க நிக்க வேண்டிய எடம் இது" என்றார். அவர் புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, இரண்டரை முழம் நடந்துவந்து, கல்லுக்குப் பக்கத்தில் நின்றார்.

பிறகு கண்டதைக் கண்டபடி மகஜர் எழுதினார்கள். "கல் இருப்பது உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது?" என்று சர்வேயர் கேட்டார்.

"வண்டியில வரும்போது சக்கரம் தட்டிச்சு."

"தட்டி?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அந்த அம்மாள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், உதட்டோரம் துடித்தது.

"விழுந்தேன்" என்றேன்.

சர்வேயர் நிதானமாக, அழகான கையெழுத்தில் அதை எழுதி முடித்து, கீழே எனக்கு இடம் காட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன்.