பெண்கள் பக்கத்துக் கயிறு

எங்கள் ஊரில் முதன்முதலாக பயாஸ்கோப் காட்டியவர் என் தாத்தா. டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து காபி குடித்த எவரும், என்னோடு இருந்த அப்பாவிடம் இதைக் கேட்காமல் தப்பித்ததில்லை. மண்ணெண்ணெய் ஏஜென்சி எடுத்து நாலு காசு பார்த்த தாத்தா, பட்டணத்திலிருந்து மெஷினை வரவழைத்து ஆற்றோரப் பொட்டலில் கூடாரம் அடித்தாராம். மாட்டு வண்டியில் தமுக்கடித்து நோட்டீஸ் வீசினாராம். அடுத்த இடத்தில் அப்பாவின் குரல் உயரும்.

"குடும்பத்துப் பொம்பளைங்களே வந்தாங்க சார்! நடுவுல தட்டி, தனி வழி. ஒரு பய எட்டிப் பாக்க முடியாது."

எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆனாலும் எண்பதுகளின் தொடக்கத்தில், தமிழ்ச் சங்க மலருக்காக அவர் இதையே கட்டுரையாக எழுத உட்கார்ந்தபோது எனக்கும் பெருமை தொற்றிக்கொண்டது. என் ஆபீஸுக்குப் பக்கத்திலேயே ஆவணக் காப்பகம். ஆதாரத்தோடு அசத்தலாமே என்று அவரிடம் சொல்லாமல் போனேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

சினிமாக் கொட்டகைகளுக்கு லைசென்ஸ் கொடுப்பது பற்றி மாகாணங்கள் எழுதிய கடிதங்கள் அங்கே கிடைத்த ஒரு பழைய கோப்பில் இருந்தன. நடுவே எங்கள் ஊர்ப் பெயர். துள்ளிக் குதிக்காத குறை. அடுத்த வரியில் தீ விபத்து என்றிருந்தது.

பிலிம் பற்றிக்கொண்டிருக்கிறது. ஆண்கள் கூடாரத் துணியின் அடியைத் தூக்கி, நுழைந்து வெளியே ஓடிவிட்டார்கள். பெண்கள் பக்கத்தில் மட்டும், யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதென்று, துணியின் அடி விளிம்பை வெளியிலிருந்து முளையடித்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்தத் தனி வழியோ, எரிகிற மெஷினை ஒட்டி. எட்டுப் பெண்கள் செத்துப்போனார்கள். பட்டியலில் கடைசியாக, கொட்டகை உரிமையாளரின் மனைவி.

அப்பாவின் அம்மா விஷக் காய்ச்சலில் போனதாகத்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். "ஜல்தி கீஜியே, பாபுஜி" என்று காப்பகத்தை மூட வந்த சிப்பந்தி விரட்டினார். அந்தக் கயிற்றையா இத்தனை காலம் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்? தாத்தா எதிரே இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

வீட்டில் அப்பா எழுதிக்கொண்டிருந்தார். அதை அப்படியே அச்சில் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. உண்மையைச் சொன்னால் இந்த வயதில் அவர் தாங்குவாரா?

"எங்கடா இவ்வளவு நேரம்?"

"ஆர்க்கைவ்ஸ் போயிருந்தேம்ப்பா. நம்ம பயாஸ்கோப் பத்தித் தேடினேன். ஒண்ணும் கிடைக்கல."

அப்பா பேனாவை மூடினார். என் முகத்தையே பார்த்தார்.

"எத்தனை பேர்னு போட்டிருக்கான்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எட்டு" என்றேன். கோபமும் வந்தது. "தெரிஞ்சுமா இத்தனை வருஷம் எல்லார்கிட்டயும் பெருமையடிச்சீங்க?"

"நாம பேசிக்கிட்டே இருந்தா எதிராளி கேள்வி கேக்கமாட்டாண்டா."

எழுதிய தாள்களை அடுக்கி என்னிடம் நீட்டினார்.

"எட்டு இல்ல, ஒம்பது. எங்கம்மா மடியில தங்கச்சிப் பாப்பா இருந்துச்சு. மடிக் குழந்தைக்கு டிக்கெட் கிடையாது, எழுதியிருக்க மாட்டான்."