கன்ஹேரி பாறையும் டயர் செருப்பும்

கல்யாணமாகித் தாராவிக்கு வந்த பிறகு, ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை கைக்குழந்தையோடு கன்ஹேரி குகை பார்க்கப் போனோம். “ஏட்டி, பாறை வழுக்கும். டயர் செருப்பைப் போட்டுக்கோ” என்றார் வீட்டுக்காரர். ரயிலில் நாலு பேர் பார்ப்பார்களே என்று வழவழப்பான புதுச் செருப்பைப் போட்டேன்.

இறங்கும்போது பாசியில் கால் சறுக்கியது. இடுப்பில் பிள்ளை, கீழே ஓடை. ஒரு கையால் பாறையைப் பற்றிக்கொண்டு, முன்னால் போனவரை “ஏங்க, ஏங்க” என்று கூப்பிட்டேன். தண்ணீர் இரைச்சலில் அவர் திரும்பவில்லை. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் நான். பிடி நழுவியது. பெயரைச் சொல்லிக் கத்திவிட்டேன்.

ஓடி வந்து பிள்ளையை வாங்கினார். தன் டயர் செருப்பை எனக்கு மாட்டிவிட்டார்.

“பேரைச் சொல்லிட்டேனே” என்று அழுதேன்.

“பரவால்லட்டி, எம் பேரு ஒனக்குத் தெரிஞ்சிருக்கே” என்றார்.

அதன்பிறகு நான் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. இங்கே எழுதவும் கூச்சமாகத்தான் இருக்கிறது.